மண்ணின் நோயும் உடலின் சாட்சியும்
பள்ளத்தாக்குக் காய்ச்சலின் வரலாறு

ஒரே வயலில் ஒரே நாளில் ஒரே தூசியைச் சுவாசித்த நூறு பேரில், அறுபது பேர் நோயென்றே அறியாமல் இருந்துவிடுகின்றனர். ஏறக்குறைய நாற்பது பேர் சில வாரம் காய்ச்சலிலும் இருமலிலும் கிடந்து எழுகின்றனர். ஒருவர்க்கு மட்டும் அதே நோய் நுரையீரலைக் கடந்து, எலும்பிலும் தோலிலும் மூளையைச் சூழ்ந்த சவ்விலும் பரவி உயிருக்கே உலை வைக்கிறது. அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்து மருத்துவர்கள் இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு, பூசணத்தால் வரும் நோய்களின் வரலாற்றிலே சிறப்பானதோர் ஏடாகும்.

பெயரிலே நேர்ந்த பிழை

1892-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டுத் தலைநகரான புவனோஸ் ஐரிசில், அலெஹாந்திரோ பொசாதாஸ் என்னும் இளைஞர், தோலெல்லாம் புண்ணாகிக் கிடந்த போர்வீரர் ஒருவரைப் பரிசோதித்தார். புண்ணிலிருந்து எடுத்த திசுவை உருப்பெருக்கியில் நோக்கியபோது உருண்டையான சிற்றுயிர்கள் தென்பட்டன. விலங்குகளைப் பற்றும் ஓரணு உயிர்களைப் போலவே அவை காணப்பட்டன. சில ஆண்டுகளில் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் உழவுவேலை செய்த போர்ச்சுக்கீசியத் தொழிலாளர் ஒருவரிடமும் இதே நோய் காணப்பட்டது. அதனை ஆராய்ந்த ரிக்ஸ்போர்டும் கில்கிறிஸ்டும் 1896-இல் அச்சிற்றுயிருக்குக் ‘காக்சிடியாய்டிஸ் இம்மிட்டிஸ்’ என்று பெயரிட்டனர். இம்மிட்டிஸ் என்பதற்கு ‘மென்மையில்லாதது’ என்பது பொருள்.

1900-இல் ஓபுல்ஸ், மாபிட் என்னும் இருவர் அதனை வளர்த்துப் பார்த்து, அஃது ஓரணு விலங்கன்று, பூசணமே என்று நிலைநாட்டினர். பெயர் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது. அது பற்றியவர் பிழைப்பது அரிது என்னும் எண்ணமும் மாறாமல் நின்றுவிட்டது.

மாணவர் பிழைத்ததால் வந்த தெளிவு

இவ்வெண்ணத்தைத் தகர்த்தது ஒரு விபத்து. 1929-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டிக்சனின் ஆய்வுக்கூடத்தில், மருத்துவ மாணவர் ஒருவர் பூசணம் வளர்ந்திருந்த பழைய தட்டொன்றைத் திறந்தபோது, அதன் வித்துகளை மூச்சோடு இழுத்துவிட்டார். விரைவில் அவருக்குக் கடும் நுரையீரற் காய்ச்சல் கண்டது. இறந்துவிடுவார் என்றே பலரும் அஞ்சினர். அவரோ காலில் சிவந்த முடிச்சுகள் தோன்றி, பிறகு முற்றும் நலமடைந்தார்.

கெர்ன் மாவட்டத்துச் சுகாதார மருத்துவரான மெர்னி கிஃபோர்டு அம்மையார், சான் வாக்கீன் மக்கள் ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ என்று வழங்கிவந்த சாதாரண நோயிலும் இத்தகைய முடிச்சுகள் உண்டென்பதைக் கருத்திற் கொண்டார். உயிர்கொல்லியெனப்பட்ட அரிய நோயும், ஊரெல்லாம் அறிந்த எளிய காய்ச்சலும் ஒரே பூசணத்தின் இரு முகங்கள் என்பதை 1938-இல் டிக்சனும் கிஃபோர்டும் எடுத்துக்காட்டினர். அப்போதுதான் உண்மையான வினா எழுந்தது. ஒரே வித்து ஒருவரிடம் எளிதாகவும் மற்றொருவரிடம் கொடிதாகவும் விளைவது ஏன்? விளைவை எவ்வாறு முன்னறிவது?

ஸ்மித்தின் இரு சாட்சிகள்

இவ்வினாவைத் தம் வாழ்க்கைப் பணியாக ஏற்றவர் சார்லஸ் எட்வர்டு ஸ்மித். 1930-களில் ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் வறட்சியால் நிலமிழந்தோர் பிழைப்புத் தேடிச் சான் வாக்கீன் பண்ணைகளுக்குத் திரளாக வந்துகொண்டிருந்தனர். அம்மண்ணுக்குப் புதியவர்களான அவர்களைக் காய்ச்சல் எளிதிற் பற்றியது. ஸ்மித் கெர்ன், டுலாரி மாவட்டங்களில் வீடு வீடாகச் சென்று நோயாளரை விசாரித்தார். நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை, வறண்ட காலத்துத் தூசியே அதனைக் கொணர்கிறது என்று கண்டார்.

அவர் கையாண்ட கருவிகள் இரண்டு. முதலாவது தோற்சோதனை. பூசணத்தை வளர்த்த நீரை வடிகட்டி, அதில் சிறு துளியைத் தோலில் ஊசியால் ஏற்றுவர். முன்பே அப்பூசணத்தைச் சந்தித்த உடலாயின், இரண்டு நாளுக்குள் அவ்விடம் சிவந்து தடிக்கும். சந்தித்திராத உடல் வாளாவிருக்கும்.

இரண்டாவது குருதிச் சோதனை. நோயை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் குருதிநீரில் உள்ளனவா என்று பார்ப்பது இதன் நோக்கம். குருதிநீரை இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்தப் படிவரை எதிர்ப்பொருள் வேலை செய்கிறது என்று அளப்பர். முதற் சில வாரங்களில் ஒருவகை எதிர்ப்பொருள் தோன்றி மறையும். அதனால் நோய் இன்னதென்று தெரியும். பின்னர்த் தோன்றும் மற்றொரு வகை, நோயின் பரப்பையே காட்டும்.

எதிர்ப்பொருள் மிகுந்தால் உடல் வலிமையாகப் போராடுகிறது, ஆகவே நோயாளி பிழைப்பார் என்று எவரும் எண்ணுவர். ஸ்மித்தின் கணக்குகளோ இதற்கு நேர்மாறாக அமைந்தன. பின்தோன்றும் எதிர்ப்பொருள் பதினாறில் ஒன்று என்ற படியைக் கடந்து மேன்மேலும் ஏறினால், பூசணம் நுரையீரலைத் தாண்டிப் பரவுகிறது என்று அஞ்ச வேண்டும். அதே வேளையில் தோற்சோதனை தடிக்காமற் போனால் அபாயம் உறுதிப்படும். காலில் முடிச்சு கண்டு, தோலும் நன்கு தடித்தவர்களிடத்தில் நோய் பரவுவது அரிது. சுருங்கச் சொன்னால், தோல் உரத்துப் பேசிக் குருதி அடங்கியிருப்பது நற்குறி. குருதி உரத்துப் பேசித் தோல் ஊமையாவது தீக்குறி. முதுகுத்தண்டு நீரிலே அந்த எதிர்ப்பொருள் தென்பட்டால், மூளைச் சவ்வைப் பூசணம் பற்றிவிட்டதற்கு அது சான்றாகும்.

1950-இல் வெளியான தம் ஆய்வில், நோயை அறிதலோடு அதன் போக்கை முன்னறிதலையும் ஸ்மித் குழுவினர் சேர்த்தே எழுதினர். 1956-இல் அவர்கள் 39,500 குருதிச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டனர். 1950-களின் பிற்பகுதியில் ஆம்போடெரிசின் என்னும் மருந்து வந்தபோது, இம்முன்னறிவின் அருமை புலப்பட்டது. சிறுநீரகத்தைத் தாக்கவல்ல அக்கடுமருந்தை யாருக்குக் கொடுப்பது, யாருக்குத் தவிர்ப்பது என்று தேர்ந்தெடுக்கக் குருதியின் அளவு வழிகாட்டியது.

போர்க்களத்திலும் சிறைக்கூடத்திலும்

இரண்டாம் உலகப் போரின்போது அப்பள்ளத்தாக்கில் விமானப் பயிற்சித் தளங்கள் அமைந்தன. படைவீரர்க்குத் தோற்சோதனை செய்து, யார் புதிதாக நோயேற்றனர் என்று ஸ்மித் கணக்கிட்டார். வெற்றுத் தரையிற் புல் வளர்த்தும் பாதைகளுக்குத் தார் இட்டும் தூசியை அடக்கியபோது, புதிய தொற்று பாதி முதல் மூன்றில் இரு பங்கு வரை குறைந்தது.

ஆப்பிரிக்க வழியினரிடத்தும் பிலிப்பீன் வழியினரிடத்தும் நோய் பரவுதல் மிகுதி என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. 2013-இல் பள்ளத்தாக்கின் இரு சிறைகளிலிருந்து இவ்வினத்தாரையும் நீரிழிவு உள்ளோரையும் வேறிடத்துக்கு மாற்றும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. 2015-இல் கைதிகளுக்குத் தோற்சோதனை நடத்தப்பட்டது. தடிப்பு இல்லாதவரே அபாயத்துக்கு உள்ளாவர் என்று கொண்டு, அவர்களை அச்சிறைகளுக்கு அனுப்பாமல் தவிர்க்கும் வழக்கம் வந்தது. ஓர் இனத்தைப் பற்றிய பொதுக்கணக்கு அவ்வினத்தில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் உண்மை கூறுவதில்லை. ஒருவன் தோல் அவனைப் பற்றியே சான்று கூறுகிறது.

பிற பூசணங்களிலும் இந்நெறி பரவியது. எயிட்ஸ் நோயால் நலிந்தோர் குருதியில், மூளைச் சவ்வு அழற்சி தோன்றுவதற்கு வாரக்கணக்கில் முன்னரே கிரிப்டோகாக்கஸ் பூசணத்தின் மேலுறைப் பொருள் தென்படுகிறது. நோய் முற்றியோரிடம் அதனைத் தேடிப் பார்த்து முன்னரே மருந்தளிக்கும்படி 2011-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

மருத்துவர் கண்ணுக்கு நோயாளிகள் எல்லோரும் ஒரே காய்ச்சலோடு வருகின்றனர். அவர்களுள் யாருக்கு உடனே உதவி வேண்டும் என்பதை அவரவர் உடலே முன்னின்று உரைக்கிறது. மண்ணிலே உழைத்து மூச்சிலே நோயை வாங்கிய ஏழைத் தொழிலாளர்களிடமிருந்தே இவ்வறிவு உலகுக்குக் கிட்டியது. அது முதலில் சென்று சேர வேண்டிய இடமும் அவர்கள் குடிசையே ஆகும்.