நீலகிரியில் ரிவர்ஸ்: எண்ணங்களைச் சோதிக்கும் ஒரு சிகிச்சையின் முன்கதை

நீலகிரியின் தொதவர்களைப் பற்றி எழுத முனையும் எவரும் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸைக் கடந்து செல்ல இயலாது. 1901-02 ஆம் ஆண்டுகளில் உதகைப் பகுதியில் சில மாதங்கள் தங்கி, மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு தொதவர்களின் குலவரிசைகளையும் எருமைப் பால்மனைச் சடங்குகளையும் பதிவு செய்த அவர், 1906 இல் அவற்றைப் பெருநூலாக வெளியிட்டார். மானிடவியலாளர் ரிவர்ஸை நாம் அறிவோம். அவர் அடிப்படையில் ஒரு மருத்துவர் என்பதும், முதல் உலகப்போரில் மனம் குலைந்து திரும்பிய வீரர்களுக்குப் பேச்சின் வழியாகச் சிகிச்சை அளித்தார் என்பதும் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

இன்று சி.பி.டி. என்று சுருக்கமாக வழங்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு ரிவர்ஸ் நேரடி மூதாதையர் அல்லர். ஆயினும் அச்சிகிச்சை எதைச் செய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, அவர் எழுதிவைத்துள்ள இரு நோயாளிகளின் வரலாறு நல்லதொரு வாயில்.

அதற்கு முன் நீலகிரியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ரிவர்ஸின் களப்பணி முடிவை நெருங்கியபோது, அவருக்குச் செய்தி சொன்ன தொதவர் சிலருக்கு அடுத்தடுத்து இடர்கள் நேர்ந்தன. புனித இரகசியங்களை அந்நியனிடம் வெளியிட்டதால் தெய்வங்கள் சினந்தன என்று குறிசொல்வோர் கூறினர். அதன்பின் செய்தி சொல்வோர் வாய் மூடிக்கொண்டனர். இதை ரிவர்ஸே தம் நூலில் குறித்துள்ளார். நிகழ்ந்தது ஒன்று, அதற்கு அளிக்கப்பட்ட பொருள் மற்றொன்று, மனிதர்களின் அச்சத்தையும் செயலையும் தீர்மானித்தது அந்தப் பொருள். இது தொதவர்க்கு மட்டும் உரியதன்று. நம் எல்லோருடைய மனமும் இவ்வாறே இயங்குகிறது.

1916 இல் எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் இராணுவ மருத்துவமனையில் ரிவர்ஸ் பணியேற்றார். போர் நினைவுகளை மறந்துவிடுமாறு வீரர்களுக்கு அறிவுரை கூறுவது அக்கால மருத்துவ வழக்கம். பகலில் அடக்கிய நினைவு இரவில் கொடுங்கனவாக எழுவதை ரிவர்ஸ் கண்டார். 1918 இல் 'லான்செட்' இதழில் வெளியான தம் கட்டுரையில் ஓர் அதிகாரியைப் பற்றி எழுதுகிறார். குண்டுவெடிப்பில் சிதறிப்போன நண்பனின் உடலைத் தேடிச்சென்று கண்டவர் அவர். அந்தக் காட்சி கனவில் திரும்பத் திரும்ப வந்தது. ரிவர்ஸ் அவரை மறக்கச் சொல்லவில்லை. உடல் அவ்வாறு சிதறியிருந்ததே, நண்பர் வலியை உணராமல் நொடியில் இறந்தார் என்பதற்குச் சான்று என்று எடுத்துக்காட்டினார். அதிகாரி அந்த நினைவை விரட்டுவதை நிறுத்தினார். சில இரவுகள் கனவின்றிக் கழிந்தன. பின்னர் அதே கனவு மீண்டும் வந்தபோது அதில் துயரம் இருந்தது. பழைய பயங்கரம் இல்லை.

மற்றொருவர், குண்டு வீச்சில் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணம் ஒன்றின் மேல் முகம் புதைய விழுந்தவர். அவருடைய அனுபவத்தில் பற்றிக்கொள்ளத்தக்க எதையும் ரிவர்ஸால் காண இயலவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. அந்த மனிதர் படையைவிட்டு விலகி, முன்பு தமக்கு ஆறுதல் தந்த நாட்டுப்புற வாழ்வுக்குத் திரும்புவதே வழியாயிற்று. முதலாமவருக்கு உதவியது இனிப்பான பொய்யன்று, அவர் காணத் தவறிய ஓர் உண்மை. இரண்டாமவருக்குச் சொல்ல அப்படியோர் உண்மை இல்லாதபோது ரிவர்ஸ் எதையும் புனையவில்லை. 'நல்லதையே நினை' என்னும் அறிவுரைக்கும் இச்சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இந்த அணுகுமுறை ஒழுங்கான முறையாக உருப்பெற்றது அமெரிக்காவில். 1950களில் ஆல்பர்ட் எல்லிஸும், 1960களில் ஆரன் பெக்கும் தனித்தனியே இவ்வழிக்கு வந்தனர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய சினம் என்ற ஃபிராய்டியக் கருத்தை நிறுவவே பெக் முற்பட்டார். நோயாளிகளின் கனவுகளில் அவர் கண்டதோ இழப்பும் தோல்வியும். விழித்திருக்கும்போதும், 'நான் பயனற்றவன்', 'இனி எதுவும் மாறாது' என்பன போன்ற எண்ணங்கள் அழைக்காமலே அவர்களுள் ஓடிக்கொண்டிருந்தன. 1979 இல் பெக்கும் உடன்பணியாளர்களும் மனச்சோர்வுக்கான சிகிச்சை நூலை வெளியிட்டனர். நிகழ்வுகளைவிட அவற்றைப் பற்றிய நம் தீர்ப்புகளே நம்மைக் கலக்குகின்றன என்ற எபிக்டெட்டஸின் கருத்துக்கு இருவருமே கடன்பட்டவர்கள்.

நடைமுறையில் இது எளிய தோற்றமுடையது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் எடை குறைகிறது. மேஸ்திரி முகம் சுளிக்கிறார். 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் எழுகிறது. மறுநாள் அவள் வேலைக்குச் செல்லாமல் லைன் வீட்டிலேயே படுத்துவிடுகிறாள். படுத்திருப்பதே அந்த எண்ணத்துக்குச் சான்றாகிவிடுகிறது. சிகிச்சையாளர் அந்த எண்ணத்தைச் சொல்லாக்கி வெளியே எடுத்துவைக்கச் சொல்வார். அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று அவளோடு சேர்ந்து ஆராய்வார். அடுத்த வாரத்திற்குள் செய்துபார்க்கச் சிறியதொரு செயலை இருவரும் முடிவு செய்வர். பொதுவாகச் சில மாதங்களில் இது நிறைவுறும்.

மிதமான மனச்சோர்வு, பதற்றநோய், திடீர்ப் பீதி, எண்ணச் சுழற்சி நோய், பேரிடருக்குப் பின்வரும் மன அதிர்ச்சி, தூக்கமின்மை ஆகியவற்றில் இது நன்கு பயனளிக்கிறது. கடும் மனச்சோர்வு, இருமுனை நோய், மனச்சிதைவு ஆகியவற்றில் மருந்துக்குத் துணையாக நிற்குமேயன்றி, மருந்தின் இடத்தைக் கொள்ளாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ரிவர்ஸின் புகழ்பெற்ற நோயாளியான கவிஞர் சீக்ஃப்ரீட் சஸூன், 1917 இல் போரை எதிர்த்து அறிக்கை விட்டதற்காகவே மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய எதிர்ப்பு நோயன்று. இறுதியில் அவர் போர்முனைக்குத் திரும்பியது ரிவர்ஸின் மனச்சான்றையும் உறுத்தியது. அதேபோல் கூலி போதவில்லை, கூரை ஒழுகுகிறது என்று ஒரு தோட்டத் தொழிலாளி சொன்னால், அது திருத்தப்பட வேண்டிய எண்ணமன்று. திருத்தப்பட வேண்டிய நிலைமை. இந்த வேறுபாட்டை மறந்த சிகிச்சை, முதலாளிக்கு வசதியான சிகிச்சையாகிவிடும்.

வறுமையில் உழல்வோர்க்கு இது பயன்படாது என்று இதற்குப் பொருளில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிச் சிற்றூர்களில், அதிஃப் ரஹ்மான் குழுவினர் பள்ளிக்கல்வி பெற்ற கிராமச் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்கு இம்முறையில் பயிற்சி அளித்தனர். மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளை அப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று சந்தித்தனர். 2008 இல் வெளியான முடிவின்படி, குழந்தை பிறந்த ஆறாம் மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களுள் 23 விழுக்காட்டினரே சோர்வில் இருந்தனர். மற்ற பிரிவில் அது 53 விழுக்காடு. இம்முறையின் நடத்தைப் பகுதியை மட்டும் கொண்டு, கோவாவில் மருத்துவரல்லாத ஆலோசகர்கள் அளித்த சிகிச்சையும் பயன் தந்தது என 2017 இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

இந்தச் செய்தி நீலகிரிக்கு முக்கியமானது. கூடலூரில் 1990 இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கிக் காட்டியிருக்கிறது. உடல்நலத்தில் இயன்றது மனநலத்திலும் இயலும். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலும் கட்டணமின்றிப் பேசலாம். அது முதல் படி. அடுத்த படி, மொழி. ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு குலவரிசை எழுதிவிட்டார். ஒருவருடைய எண்ணத்தைச் சோதிக்க அந்த வழி போதாது. 'மனசு சரியில்லை', 'நெஞ்சு அடைக்குது' என்று ஒரு தாய் சொல்வதற்குள் என்ன இருக்கிறது என்பதை அவளுடைய படக மொழியிலோ, தொதவ மொழியிலோ, தோட்டத்துத் தமிழிலோதான் கேட்டறிய முடியும். அச்சொற்களைத் திரட்டித் தருவது மருத்துவர்களோடு மொழி பயின்றவர்களுக்கும் உரிய வேலை என்றே கருதுகிறேன்.