‘டாக்டர் வாட்ச்’ என்றால் என்ன? மணிக்கட்டில் ஒரு மருத்துவ முன்னோடியின் நினைவு

மருத்துவ அறிவியலில் முன்னோடியாக இருந்த ஒருவரின் நினைவாகக் கைக்கடிகாரம் ஒன்று வெளியிட்டால் அதில் என்ன இருக்கும்? பெயர், முகம், பிறந்த ஆண்டு, பின்பக்க மூடியில் ஒரு வரிசை எண். பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால், பெயரும் முகமும் இல்லாமலேயே ஒரு மருத்துவரின் நினைவைச் சுமக்கும் கடிகாரங்கள் உண்டு. சேகரிப்பாளர்கள் அவற்றை ‘டாக்டர் வாட்ச்’ என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ‘பல்சோமீட்டர்’ என்பார்கள். தமிழில் நாடிக் கடிகாரம் என்று சொல்லலாம்.

அந்த மருத்துவர் யார்? அவருக்கும் மலாக்காவுக்கும், தங்கா பத்து வட்டாரத்தில் பால்மரக் காட்டில் வளர்ந்த நம் குடும்பங்களுக்கும் என்ன சம்பந்தம்?

யார் இந்த ஃபுளோயர்?

சர் ஜான் ஃபுளோயர், 1649-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர். லிச்ஃபீல்ட் என்ற சிறிய ஊரில் வைத்தியம் பார்த்தார். அவருக்கே ஆஸ்துமா இருந்தது. தன் மூச்சுத் திணறலையே கவனித்துக் கவனித்து 1698-இல் ஆஸ்துமா பற்றி ஒரு நூல் எழுதினார். தன் நோயையே பாடப் புத்தகமாக மாற்றிய ஆள்.

அந்தக் காலத்து மருத்துவர்களும் நாடி பார்த்தார்கள். ஆனால் எண்ணவில்லை. ‘வேகமாக இருக்கிறது’, ‘தளர்ந்திருக்கிறது’, ‘எறும்பு ஊர்வது போல் இருக்கிறது’ என்று வர்ணித்தார்கள். ஒருவருக்கு வேகம் என்று பட்டது இன்னொருவருக்குச் சாதாரணமாகப் படலாம், இல்லையா? ஃபுளோயரை உறுத்தியது இதுதான். சாதாரணக் கடிகாரங்களையும் ஊசல் கடிகாரங்களையும் வைத்து எண்ணிப் பார்த்தார். கைக்கு அடக்கமாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. சாமுவேல் வாட்சன் என்ற கடிகாரத் தொழிலாளியிடம், சரியாக 60 விநாடி ஓடும், நினைத்தால் நிறுத்தக்கூடிய ஒரு கடிகாரத்தைச் செய்யச் சொன்னார். கடிகாரங்களில் விநாடி முள் அபூர்வமாக இருந்த காலம் அது. 1707-இல் அவருடைய ‘மருத்துவரின் நாடிக் கடிகாரம்’ என்ற நூல் வெளிவந்தது.

உடனே எல்லா மருத்துவர்களும் அதற்கு மாறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நோயாளியின் நாடித்துடிப்பை எண்ணி எழுதி வைப்பது அன்றாட வழக்கமாக 19-ஆம் நூற்றாண்டு வரை ஆனது. ஃபுளோயர் 1734-லேயே இறந்துவிட்டார்.

நம்ம ஊர் நாடி எங்கே வருகிறது?

இது பலருக்கும் தெரியாத பகுதி. ஃபுளோயர் ஐரோப்பிய மருத்துவத்தை மட்டும் படிக்கவில்லை. சீன நாடி சாஸ்திரத்தையும் தேடிப் படித்தார். பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த ஆண்ட்ரியாஸ் கிளையர் 1682-இல் வெளியிட்ட தொகுப்பு வழியாகத்தான் அது ஐரோப்பாவை எட்டியது. அப்போது மலாக்கா கோட்டையும் அதே டச்சுக் கம்பெனியின் கையில்தான் இருந்தது. ஆக, அந்தக் கடிகாரத்துக்குப் பின்னால் ஆசியாவின் மூன்று விரல்களும் இருந்தன.

மூன்று விரல் என்றதும் நமக்கு சித்த மருத்துவம் ஞாபகத்துக்கு வரும். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். வாத நாடி அன்னம், மயில் போல நடக்கும். பித்தம் ஆமை, அட்டை போல. கபம் தவளை, பாம்பு போல என்று நூல்கள் சொல்கின்றன. இங்கே கேள்வி ‘எத்தனை?’ இல்லை, ‘எப்படி?’ ஃபுளோயர் கேட்டது ‘எத்தனை?’. எண்ணிக்கைக்கு ஒரு வசதி உண்டு: அதை எழுதி வைக்கலாம், நாளைக்கு வேறொருவர் வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், வைத்தியருக்கு வயதாகிவிட்டாலும் அது அழியாது.

பல்சோமீட்டர் எப்படி வேலை செய்கிறது?

கடிகாரத்தின் விளிம்பில் சாதாரண விநாடிக் கோடுகளோடு இன்னொரு வரிசை எண்கள் இருக்கும். ‘30 துடிப்புக்கு அளவிடப்பட்டது’ என்றோ ‘15 துடிப்புக்கு’ என்றோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் நீண்ட விநாடி முள் ஓடத் தொடங்கும். 30 துடிப்பு எண்ணியதும் மறுபடி அழுத்தினால் நிற்கும். முள் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் ஒரு நிமிடத் துடிப்பு. 30 துடிப்புக்கு 20 விநாடி ஆனால் முள் 90-இல் நிற்கும். 24 விநாடி ஆனால் 75-இல். பெருக்கல், வகுத்தல் எல்லாம் முகப்பிலேயே முடிந்துவிட்டது.

1928-இல் வந்த ரோலெக்ஸ் பிரின்ஸுக்கும் ‘டாக்டர் வாட்ச்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் இந்த எண் வரிசை கிடையாது. கீழே தனியாக ஒரு பெரிய விநாடி வட்டம் இருந்ததால் எண்ணுவதற்குச் சுலபம். தாதியர் சீருடையில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரமும் இதே குடும்பம்தான். வேடிக்கை என்னவென்றால், கிருமி பரவும் என்பதால் 2007-இல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் வாட்ச்சுக்கு வார்டிலேயே இடமில்லாமல் போயிற்று!

சரி, மலாக்கா?

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் தொடங்கினார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களின் பின்னால்தான் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் நம்மவர்கள் வந்தார்கள். காட்டை வெட்டிய இடத்தில் மலேரியாவும் வந்தது. அது துரை, கூலி என்று பார்க்கவில்லை. 1916-இல் டான் சாய் யான் இறந்ததே மலேரியாவால்தான்.

கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897 ஆகஸ்ட் 20-ஆம் தேதி செகந்திராபாத்தில் கண்டறிந்தார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு. அந்தக் கண்டுபிடிப்பை மலாயா மண்ணில் வேலை செய்ய வைத்தவர் மால்கம் வாட்சன். 1901-இல் கிள்ளானில் தொடங்கி, சதுப்புகளுக்கு வாய்க்கால் வெட்டி, ஓடைகளில் எண்ணெய் தெளித்து, தோட்டங்களில் சாவைக் குறைத்தார்.

ஆனால் லயத்தில் காய்ச்சலோடு கிடந்தவரின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர் ரோஸும் இல்லை, வாட்சனும் இல்லை. தோட்டத்து ‘டிரெஸ்ஸர்’. பெரிய டாக்டர் எப்போதாவது வருவார். குவினைன் கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதெல்லாம் டிரெஸ்ஸர்தான். அந்த முடிவுக்கு அவர் கையில் இருந்தவை ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், அனுபவம். எந்த நினைவுப் பதிப்பிலும் இவர்கள் பெயர் வந்ததில்லை. இதை எழுதும்போது அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

பணம் இருந்தவர்களுக்கு நினைவு எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள். டான் சாய் யானின் தாத்தா டான் தோக் செங் மலாக்காவில் பிறந்தவர். சிங்கப்பூரில் அவர் பெயரில் உள்ள மருத்துவமனைக்கு 1844-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்பா டான் தெக் குவான் நினைவாக சிங்கப்பூர் மருத்துவப் பள்ளிக்கு 1911-இல் ஒரு கட்டடமே எழுப்பினார் பேரன். அந்தப் பேரன் பெயரில் மலாக்காவில் சாலை இருக்கிறது. ஒரு ஆர்க்கிட் மலரும் இருக்கிறது.

மலேசியாவுக்கு ஒரு முகம் வேண்டுமென்றால்?

என் ஓட்டு டாக்டர் வூ லியன் தே-வுக்கு. 1879 மார்ச் 10-ஆம் தேதி பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே பரவிய நிமோனியா பிளேக் சுமார் 60,000 உயிர்களைக் குடித்தது. நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று சொல்லி, துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசத்தை எல்லோரையும் போடச் சொன்னார். பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெனி அதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமல் வார்டுக்குள் போனார்; சில நாளில் அதே நோயில் இறந்தார். சில மாதங்களிலேயே கொள்ளைநோய் அடங்கியது. பிற்காலத்தில் வூ ஈப்போவில் கிளினிக் நடத்தினார். 1960-இல் பினாங்கில் காலமானார். 2021-இல் அவர் பிறந்தநாளுக்கு கூகுள் தன் முகப்பில் படம் போட்டபோதுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

‘லிமிடெட் எடிஷன்’ என்றாலே வாங்கலாமா?

நிதானம். நல்ல நினைவுப் பதிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, 2020-இல் பிரிட்டனின் பிரெமாண்ட் நிறுவனம் ஸ்டீஃபன் ஹாக்கிங் நினைவாக வெளியிட்ட கடிகாரத்தைச் சொல்லலாம். ஹாக்கிங் இயற்பியலாளர்தான், ஆனாலும் இது பொருத்தமான உதாரணம். அவர் மேசையின் மரத்துண்டும் ஒரு விண்கல் துண்டும் அதற்குள் இருந்தன. குடும்பத்தின் சம்மதம் இருந்தது. வருமானத்தில் ஒரு பங்கு அவர் பெயரிலான அறக்கட்டளைக்குப் போனது.

இணையத்தில் யாராவது ஒரு விஞ்ஞானியின் படத்தை அச்சடித்து ‘அரிய பதிப்பு’ என்று விற்றால் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை செய்தார்கள், உங்களுடையது எத்தனையாவது? அந்தப் பெயரைப் பயன்படுத்த யார் அனுமதி கொடுத்தார்கள்? பணத்தில் மருத்துவத்துக்கு ஏதாவது போகிறதா? பதில் வராவிட்டால், அது படம் ஒட்டிய சாதாரண வாட்ச். விலையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஸ்மார்ட் வாட்ச் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

உங்கள் ஸ்மார்ட் வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு, தோலுக்கடியில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தத்தின் அளவு மாறுவதைப் பார்த்து எண்ணுகிறது. ஃபுளோயரின் வேலைதான். ஆனால் தளர்வாகக் கட்டினாலோ கை அதிகம் ஆடினாலோ கணக்கு தப்பும். பச்சை குத்திய இடத்திலும் சிக்கல் வரலாம்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு வேறு கதை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு அடிப்படை போட்டவர் ஜப்பானின் தக்குவோ அவோயாகி. நல்ல கருவிதான். ஆனால் 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஆபத்தான ஆக்சிஜன் குறைவை அது தவறவிடுவது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. காரணம் தோல் நிறம். மாநிறமும் கறுப்புமாக இருக்கும் நமக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி இல்லை. எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

கையால் எண்ணத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே சொந்தமாக நாடி உண்டு, குழப்பிவிடும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை வழக்கமான அளவு. நன்றாக ஓடிப் பழகியவர்களுக்கு 60-க்குக் கீழேயும் இருக்கும். ஓய்விலேயே 100-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுங்கள். அதோடு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், 999-ஐ அழையுங்கள்.