கிந்தனார் காலட்சேபம்



நந்தனார் கதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த கதை. பண்ணையில் ஏர் உழும் நந்தன், தில்லைக்குப் போய் நடராசரைக் காண ஆசைப்படுகிறான். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாள்கள் ஓடுகின்றன. கடைசியில் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் அவனுக்குக் கோயில் வாசல் திறக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைப் பாட்டும் உரையுமாக எழுதினார். நந்தனைத் தடுக்கும் வேதியர் பெரிய புராணத்தில் இல்லை. அவரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் பாரதியார்தான். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரைப்படத்தில் நடித்தார்கள்.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபத்தைப் பார்க்க வேண்டும். அது 1949-இல் வெளியான 'நல்ல தம்பி' படத்தில் வருகிறது. படத்தின் கதை அறிஞர் அண்ணாவுடையது. இயக்கம் கிருஷ்ணன் – பஞ்சு.

காலட்சேபம் என்றால் என்ன என்று இளையவர்கள் கேட்கலாம். பாகவதர் கையில் சப்ளாக்கட்டையோடு நின்று, கொஞ்சம் பேசி, கொஞ்சம் பாடி, நடுவே கிளைக்கதை சொல்லிச் சிரிக்க வைப்பார். பின்பாட்டும் மிருதங்கமும் உண்டு. கலைவாணர் இந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் கதையைத்தான் மாற்றினார். நந்தன் இருந்த இடத்தில் கிந்தன் என்ற ஏழைப் பையன். அவனுக்குத் தில்லை மீது ஆசை இல்லை, பள்ளிக்கூடத்தின் மீது ஆசை. அவன் தீயில் இறங்கவில்லை. ரயில் ஏறிப் பட்டணம் போகிறான். படித்துப் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக ஊர் திரும்புகிறான்.

பக்திக் கதையைக் கேலி செய்துவிட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நந்தனைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. நந்தனை வாசலில் நிறுத்தியவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். கலைவாணரும் வறுமையால் தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். நாகர்கோவிலில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன். கொலை வழக்கொன்றில் 1944 முதல் சிறையில் இருந்து, 1947-இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த படம் இது.

நம் நாட்டு வரலாற்றை இங்கே சற்று ஒட்டிப் பாருங்கள். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. சட்டம் வந்தது, ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓர் அறை, ஒரு வாத்தியார். கைகொடுக்க ஆள் வேண்டுமென்று பிள்ளைகளைப் பால்மரக் காட்டுக்கு அழைத்துப்போன பெற்றோர்களும் உண்டு. சாதி பார்த்து லயம் ஒதுக்கிய தோட்டங்களும் இருந்தன. ஆகவே கிந்தன் கதை எங்கோ தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். கூட்டத்தின் சிரிப்பில் அடுத்த வசனம் காதில் விழாது. கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் கொள்ளும். அதைவிட நீண்ட நாடகம் என்றால் பல தட்டுகள் வாங்க வேண்டும். ஒலிநாடாவும் பிறகு ஒளிநாடாவும் வந்தபின் அந்தத் தொல்லை நீங்கியது. இன்று கிந்தனார் பகுதி மட்டும் தனியாகக் கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

கிடைத்தாலும், பேரப்பிள்ளைகள் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி மட்டும் சிரிக்கிறார். காரணம் எளிது: நந்தனைத் தெரியாதவருக்குக் கிந்தன் வெறும் பெயர்தான். பழைய பாட்டின் மெட்டு காதில் இருந்தால்தான், புதிய சொல் வந்து அதில் இடிக்கும்போது சிரிப்பு வரும்.

வீட்டில் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. படத்தை நடுவில் நிறுத்தலாம். ரயில் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, நந்தன் எப்படிப் போனான் என்று பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் பாடிக் காட்டினாலும் காட்டுவார். பிறகு மீண்டும் ஓடவிடுங்கள்.