இருக்கையின் வரலாறு

ஆசனம் என்பது இருக்கை. திருமூலநாயனார் திருமந்திரம் மூன்றாந் தந்திரத்தில் அதனை அட்டாங்கயோகத்தின் மூன்றாம் உறுப்பாக வைத்தருளினார். முதுகு வளையாது நிமிர்ந்திருப்பின் மூச்சு நெருக்குண்ணாது இயங்கும். ஆகலின் யோகியர்க்குரிய அவ்விருப்பு இல்லறத்தார்க்கும் நலம் பயப்பதாம்.

இருத்தலின் அருமை நெடுநேரம் நிற்போர்க்கே நன்கு புலனாம். அவர்க்குக் கால்நாளங்களிற் குருதி தேங்கும், இடுப்பு நோம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று தொழில்செய்வார் இடையிடையே இளைப்பாற இருக்கை அமைத்தல் வேண்டுமென விதித்தது. பின்னெழுந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஆலைகட்கும் அவ்விதி உரியதாயிற்று. துணிக்கடை முதலியவற்றில் நாள்முழுதும் நிற்பார்க்கோ அவ்வுரிமை தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டிலேதான் சட்டமாயிற்று. இடைப்பட்டன 73 ஆண்டுகள்.

யோகிக்கு இருக்கை சாதனம்; தொழிலாளிக்கு அஃது உரிமை. உடம்பைப் பேணுதலே இரண்டற்கும் அடிப்படை என்க.