பூக்கடை வைக்கப் போறீங்களா? மல்லி விலை ஏறினால் லாபமா, நஷ்டமா? முழு விவரம்

மல்லிகைப்பூ கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியது என்று முகூர்த்த நாட்களில் செய்தி வரும். பார்த்ததும், 'பூக்காரங்களுக்கு இன்னைக்கு செம லாபம்' என்றுதான் தோன்றும். ஆனால் தெருமுனையில் முழம் போட்டு விற்பவருக்கு அது பயமான நாள். அந்த விலைக்கு வாங்கிய பூ மிஞ்சினால் நஷ்டமும் அதே அளவுக்குப் பெரிது. பூ வியாபாரத்தில் இறங்க நினைப்பவர்கள் முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது இதைத்தான்.

பூ எங்கே வாங்குவது?

சென்னைக்கு கோயம்பேடு, மதுரைக்கு மாட்டுத்தாவணி, குமரிக்கு தோவாளை, திண்டுக்கல் பக்கம் நிலக்கோட்டை, ஈரோடு பக்கம் சத்தியமங்கலம் என மொத்த மார்க்கெட்டுகள் இருக்கின்றன. பொக்கேவுக்கான ரோஜா, ஜெர்பரா ஓசூர் பகுதியில் இருந்து அதிகம் வருகிறது.

மல்லி மொட்டை விடியும் முன்பே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். காலையில் மார்க்கெட்டுக்கு வரும் மொட்டு மாலையில் விரியும், மறுநாள் வாடும். விற்பதற்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல், அவ்ளோதான்.

விலை ஏன் இப்படி ஆடுகிறது?

முகூர்த்த நாளில் தேவை கூடும். மார்கழியில் கல்யாணம் இல்லை என்றாலும், பனியால் மல்லி வரத்து குறைந்து விலை ஏறும். கோடையில் வரத்து குவிந்தால் விலை சரியும். ஆடியிலும் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில்களால் மாலைப்பூ ஓடும். காலண்டரைப் பார்த்து வாங்கத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் நிலைப்பார்.

மிஞ்சினால் என்ன ஆகும்?

ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு கிலோ உதிரி மல்லி 600 ரூபாய், கட்டுக்கூலி 150, நாருக்கும் பஸ்ஸுக்கும் 60. மொத்தச் செலவு 810 ரூபாய். கட்டினால் 30 முழம் வருகிறது, முழம் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

* 30 முழமும் விற்றால்: லாபம் 390 ரூபாய்
* 6 முழம் மிஞ்சினால்: லாபம் 150 ரூபாய்
* 10 முழம் மிஞ்சினால்: 10 ரூபாய் நஷ்டம்

மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே நாள் முழுக்க உட்கார்ந்த உழைப்பு வீண். அதனால்தான் அனுபவசாலிகள் தினசரி வாடிக்கையை முதலில் பிடிக்கிறார்கள். வீட்டு பூஜைக்கு இரண்டு முழம், மளிகைக் கடை சாமி படத்துக்கு ஒரு சரம், ஆட்டோவுக்கு ஒரு சரம் என நிச்சயமாகப் போகும் அளவைக் கணக்கிட்டு, அதற்கு மேல் கொஞ்சம்தான் வாங்குவார்கள். சம்பங்கி, செவ்வந்தி, அரளி என்று கலந்து வைத்தால் மல்லியை மட்டுமே நம்ப வேண்டியதில்லை.

கைவேலை எவ்வளவு முக்கியம்?

பூவை விற்பதைவிட வேலைப்பாட்டை விற்பதில் வருமானம் அதிகம். சரம் கட்டத் தெரிந்தால் கட்டுக்கூலி மிச்சம். கல்யாண மாலை, ஜடை அலங்காரம், மேடை அலங்காரம் என்று கற்றுக்கொண்டால் கூலியை நீங்களே சொல்லலாம். தோவாளை மாணிக்க மாலைக்கு புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தக் கைத்திறனுக்காகத்தான். தனிக்கடை போடும் முன் சில மாதங்கள் ஒரு மாலைக் கடையில் வேலை பார்ப்பது நல்லது. மார்க்கெட் பழக்கமும் அங்கேயே வந்துவிடும்.

கல்யாண ஆர்டரில் கவனம்!

இரண்டு மாதம் முன்பே மொத்த ரேட் பேசிவிட்டு, முகூர்த்தத்தன்று மல்லி விலை மூன்று மடங்கானால் கைக்காசு போகும். கூலியைத் தனியாகவும் பூவைத் தனியாகவும் பேசுங்க. 'பூ அன்றைய மார்க்கெட் விலைக்கு' என்று எழுதி வாங்கி, பூ வாங்கும் அளவுக்காவது அட்வான்ஸ் பிடிச்சுக்கணும்.

முதலுக்கு என்ன செய்வது?

பலரும் போவது தண்டலுக்கு. 10,000 ரூபாய் கடனில் வட்டியைப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, 100 நாள் தினம் 100 ரூபாய் வசூலிப்பது போன்ற கணக்கு அது. விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். பூ மிஞ்சும் நாளில் இதுதான் கழுத்தை நெரிக்கும்.

நகரங்களில் தெருவோரம் விற்பவர்களுக்கு பிஎம் ஸ்வநிதி கடன் திட்டம் இருக்கிறது. 2020-ல் தொடங்கிய இத்திட்டம் 2025-ல் மாற்றப்பட்டு, முதல் தவணை 15,000, அதைச் சரியாகக் கட்டினால் 25,000, அடுத்து 50,000 ரூபாய் வரை கிடைக்கிறது. அடமானம் தேவையில்லை. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும் உண்டு.

இதற்கு மாநகராட்சி அல்லது நகராட்சி தரும் தெருவோர வியாபாரி அடையாள அட்டை, விற்பனைச் சான்றிதழ் உதவும். 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, சான்றிதழ் இருந்தால் நோட்டீஸ் கொடுக்காமல் உங்களை இடத்தை விட்டு அகற்ற முடியாது.

முதல் வேலை என்ன?

கடைக்கு இடம் பார்க்கும் முன், சுற்றியுள்ள தெருக்களில் தினமும் பூ வாங்கும் வீடுகளையும் கடைகளையும் எண்ணிப் பாருங்க. அந்த எண்ணிக்கைதான் உங்கள் முதல் நாள் கொள்முதல்.