இரண்டு சகோதரர், எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்: ஹால்டேன் கணக்கின் இரு பாடங்கள்

மரபணு மையப் பரிணாமப் பார்வையின் வரலாறு லண்டன் மதுக்கடை ஒன்றில் தொடங்குவதாகப் பலர் எழுதிவிட்டார்கள். யூஸ்டன் சாலையை ஒட்டியிருந்த 'ஆரஞ்சு ட்ரீ' கடையில், மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் ஓர் உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுவிட்டு, இரண்டு சகோதரருக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரருக்காகவோ உயிரைக் கொடுக்கத் தயார் என்று சொன்னாராம். இதை அச்சில் ஏற்றியவர் அவருடைய மாணவர் ஜான் மேனார்ட் ஸ்மித். ஆண்டு 1975, இதழ் 'நியூ சயன்டிஸ்ட்'. அதற்கு முன்பே, 1964 டிசம்பரில், ஹால்டேன் புவனேஸ்வரில் காலமாகிவிட்டார். உறவினருக்கு உதவுவதன் வழியே மரபணு பரவுவதை விளக்கும் உறவுத் தேர்வுக் கோட்பாட்டின் சாரம் அந்தப் பேச்சிலேயே இருந்தது, உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் பின்னர் அதைப் பொதுமைப்படுத்தினார் என்பது மேனார்ட் ஸ்மித்தின் வாசிப்பு. இதை ஏற்க முடியவில்லை. கணக்கு ஹால்டேனுடையதுதான், சாரம் அவருடையது அல்ல.

ஹால்டேன் கைப்பட எழுதியது நம்மிடம் இருக்கிறது. 1955இல் 'நியூ பயாலஜி' இதழில் வந்த 'மக்கள்தொகை மரபியல்' கட்டுரையில் ஒரே ஒரு பத்தி. வெள்ளம் ஓடும் ஆற்றில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றத் தூண்டும் அரிய மரபணு ஒருவரிடம் இருக்கிறது. குதிப்பவர் மூழ்கிப்போகும் வாய்ப்பு பத்தில் ஒன்று. குழந்தை சொந்தப் பிள்ளையோ உடன்பிறப்போ என்றால், அதனிடமும் அந்த மரபணு இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. ஆக ஒன்று போனால் ஐந்து மிஞ்சும். பேரக்குழந்தை அல்லது உடன்பிறப்பின் பிள்ளை என்றால் ஒன்றுக்கு இரண்டரை. ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் ஆதாயம் மிகச் சொற்பம். அவருடைய பிள்ளை வரை போனால் நட்டம்.

கணக்கில் பிழையே இல்லை. ஒன்றுவிட்ட சகோதரருக்கு 1.25, அவர் பிள்ளைக்கு 0.625, இரண்டுக்கும் நடுவில் சமநிலை கடந்துபோகிறது. மேனார்ட் ஸ்மித் பக்கம் இதைவிட வலுவான சான்று கிடையாது. பத்தியின் இறுதியில் தேனீக்கூட்டையும் எறும்புப் புற்றையும் ஹால்டேன் குறிப்பிடுவதையும் அவர் பக்கமே சேர்க்க வேண்டும்.

ஆனால் நட்டம் யாருக்கு? கடைசிப் படியில், அந்த மரபணுவை இழக்கும் வாய்ப்பு மக்கள்தொகைக்கு அதிகம் என்றுதான் ஹால்டேன் எழுதுகிறார். ஐந்தும் இரண்டரையும் மரபணுவை எண்ணி வந்த எண்கள். பேரேடு மட்டும் மக்கள்தொகையின் பெயரில் இருக்கிறது. சற்றுப் பின்னேயே, இத்தகைய மரபணு பரவ வேண்டுமானால் பிள்ளைகளில் பெரும்பாலோர் நெருங்கிய உறவினராக உள்ள சிறு மக்கள்தொகை வேண்டும் என்று வரம்பு கட்டுகிறார். காப்பாற்றுவது தன் தங்கையை என்று ஆனபின் ஊரில் நூறு பேர் இருந்தால் என்ன, லட்சம் பேர் இருந்தால் என்ன? முகம் பாராமல் எந்தக் குழந்தைக்காகவும் குதிப்பவர் என்றால்தான் ஊரின் அளவு பொருட்டாகும். அப்படித்தான் அவர் நினைத்தார் போலும். உறவினர் விலகிப் போகாமல் ஒரே இடத்தில் தேங்கி வாழும் நிலையை ஹாமில்டனும் 1964இல் பேசியிருக்கிறார் என்பதால், இந்த வரம்பை வெறும் பிழை என்று தள்ளிவிட முடியாது.

இருந்தும் அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1932இல் வெளிவந்த ஹால்டேனின் 'பரிணாமத்தின் காரணங்கள்' நூலின் பின்னிணைப்பு நினைவுக்கு வருகிறது. தனக்குக் கேடாகவும் குழுவுக்கு நன்மையாகவும் அமையும் பண்பு சிறு குழுக்களில்தான் பரவத் தொடங்க முடியும் என்பது அங்கே அவர் கண்ட முடிவு. 1955இன் ஆற்றங்கரைக் கணக்கு இந்தப் பழைய சட்டகத்துக்குள்தான் எழுதப்பட்டது என்பது என் கருத்து. நேரடிச் சான்று இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே வரம்பு வருவதொன்றே ஆதாரம். எனினும் கையில் புதிய கணக்கை வைத்துக்கொண்டு இருபத்து மூன்று ஆண்டுப் பழைய முடிவுக்கே ஒருவர் திரும்பினால், அந்தக் கணக்கு தம்மை எங்கே இட்டுச் செல்கிறது என்பதை அவர் இன்னும் காணவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கண்டவர் ஹாமில்டன். 1963இல் 'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' இதழில் வந்த சிறு குறிப்பிலேயே, ஒரு செயல் செய்பவருக்கு நன்மையா என்பதல்ல, அந்த மரபணுவுக்கு நன்மையா என்பதுதான் இறுதி அளவுகோல் என்று சொல்லிவிட்டார். பேரேட்டின் பெயர் மாறியது அங்கேதான்.

இனி மதுக்கடைப் பாடம். ஹாமில்டனின் 1964 கட்டுரையின் முதல் பகுதியில் ஒரு வாக்கியம் உண்டு: ஒரே ஒருவருக்காக யாரும் உயிரைத் தரமாட்டார், இரண்டு சகோதரருக்கு மேல், நான்கு அரைச் சகோதரருக்கு மேல், எட்டு ஒன்றுவிட்ட சகோதரருக்கு மேல் காப்பாற்ற முடியும் என்றால் தருவார். எண்கள் அதே எண்கள். வேறுபாடு 'மேல்' என்ற ஒரு சொல்லில். சரியாக இரண்டு சகோதரர் என்றால் மரபணுவுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. உயிரைக் கொடுக்கக் காரணமே கிடையாது. மதுக்கடைப் பாடத்தில் அந்தச் சொல் இல்லை. ஹாமில்டனின் அந்தக் கட்டுரையை இதழுக்காக மதிப்பிட்டவர் மேனார்ட் ஸ்மித். இரண்டாகப் பிரிக்கச் சொன்னவரும் அவர்தான். அது அச்சேறும் முன்பே, 1964 மார்ச்சில், 'நேச்சர்' இதழில் 'உறவுத் தேர்வு' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஹாமில்டன் 1976இல் அதே 'நியூ சயன்டிஸ்ட்' இதழுக்கு எழுதி இந்தக் கதையை மறுத்தது வியப்பல்ல.

மேனார்ட் ஸ்மித் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. எழுத்தில் படித்தது, கேட்ட பேச்சின் நினைவோடு கலப்பது இயல்பு. வாய்மொழியில் 'மேல்' உதிர்வதும் இயல்பு. உரையாடல் நடந்திருந்தால், மேனார்ட் ஸ்மித் ஹால்டேனிடம் படிக்கச் சேர்ந்த 1947க்கும், ஹால்டேன் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட 1957க்கும் இடையில் இருக்கலாம். 1955க்கு முன்பா பின்பா என்பது தீரவில்லை. பின்பு என்றால், மக்கள்தொகைப் பேரேட்டை ஹால்டேன் அதற்குள் மூடிவிட்டார் என்று வாதிட இடமுண்டு. அந்த வாய்ப்பை என்னால் முற்றிலும் மறுக்க முடியவில்லை.

மரபணு மையப் பார்வையை 1966இல் ஜார்ஜ் வில்லியம்ஸும் 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸும் முன்னெடுத்துச் சென்றது யாவரும் அறிந்தது. 2010இல் நோவாக், டார்னிடா, இ.ஓ. வில்சன் மூவரும் 'நேச்சர்' இதழில் ஹாமில்டனின் அணுகுமுறையே தேவையற்றது என்றார்கள். அடுத்த ஆண்டு 137 பேர் கையொப்பமிட்டு மறுத்தார்கள். மரபணுவை எண்ணுவது வெறும் கணக்கு வசதிதான், காரணத்தைக் காட்டாது என்ற குறையும் ஸ்டீபன் ஜே கூல்ட் காலம் முதல் கேட்கிறது. தன்னலமற்ற செயல்களை மட்டும் பார்த்தால் இந்த வழக்கு முடியாது. குழுவின் பேரேட்டிலும் மரபணுவின் பேரேட்டிலும் ஒரே கூட்டுத்தொகையை வரவைக்க முடியும். சுண்டெலியின் டி-மரபணுத் தொகுதியை எடுத்துக்கொண்டால் அது முடியாது. ஒரு பிரதி மட்டும் உள்ள ஆண் எலி, பாதிக் குட்டிகளுக்குப் பதிலாக ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்கு அதைக் கடத்துகிறது. இரண்டு பிரதி பெற்ற கரு பெரும்பாலும் கருப்பையிலேயே அழிகிறது. பிழைக்கும் ஆணும் மலடாகிறது. எலிக்கு நட்டம், எலிக்கூட்டத்துக்கும் நட்டம். பரவுவது மரபணு மட்டும். 1955இன் பேரேட்டில் இதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது? ஹாமில்டனின் 1963 அளவுகோலில் அதற்கு இடம் இருக்கிறது.