நஜ்ஜாஷியின் மண்ணும் மக்தலா கொள்ளையும்



முதல் ஹிஜ்ரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அபிசீனியா என்னும் ஹபஷா நாட்டின் பெயர் நம் நாவில் வருகிறது. குறைஷியரின் கொடுமை தாளாது, கி.பி. 615ஆம் ஆண்டு வாக்கில் செங்கடலைக் கடந்து சென்ற முஸ்லிம்களுக்கு அடைக்கலம் தந்தவர் அந்நாட்டின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. ஜஅஃபர் (ரலி) அவர்கள் அவரது அவையில் மர்யம் சூராவின் வசனங்களை ஓதியதும், மன்னர் கண்ணீர் வடித்ததும் நம் மதரஸாப் பிள்ளைகள் அறிந்த செய்திகள். அவர் மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். பிலால் (ரலி) அவர்களும் அம்மண்ணின் வழிவந்தவர்களே.

ஆனால் அதற்குப் பின் அந்நாட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் நம்மில் பலர் மௌனமாகிவிடுவோம். ஆப்பிரிக்கா என்றால் காடும் பஞ்சமும்தான் என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

நஜ்ஜாஷி ஆண்ட அக்சூம் பேரரசு, தன் பெயரில் பொன் நாணயம் அடித்த அரசு. ஒரே கல்லில் செதுக்கி நிறுத்திய, 20 மீட்டருக்கும் மேல் உயரமான தூண் அங்கே இன்றும் நிற்கிறது. அவ்வரசு மறைந்து சில நூற்றாண்டுகள் சென்றபின், லாலிபெலா என்னும் மலை ஊரில் 11 தேவாலயங்களைப் பாறையைக் குடைந்தே அமைத்தார்கள். அது எவ்வாறு முடியும் என்று ஐயுறுவோர் நம் ஊருக்கு அருகிலுள்ள கழுகுமலைக்கு ஒருமுறை சென்று வரட்டும். பாண்டியர் காலத்துச் சிற்பிகள் 8ஆம் நூற்றாண்டில் மலையை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்த வெட்டுவான் கோவில் அங்கே முற்றுப்பெறாமல் நிற்கிறது. லாலிபெலாவிலும் அதே முறைதான். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்த சிற்பிகள் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே முறையில் உளி பிடித்திருக்கிறார்கள். அந்நாட்டின் கிழக்கே மதில் சூழ்ந்த ஹரர் நகரில் 82 பள்ளிவாசல்கள் உள்ளன. தோலில் எழுதி வண்ணம் தீட்டிய சுவடிகள் அந்நாட்டுக் கலையின் உச்சம் எனலாம்.

அச்சுவடிகளுக்கு நேர்ந்த கதியைச் சொல்லவே இக்கட்டுரை.

1855ல் முடிசூடிய இரண்டாம் தெவோத்ரோஸ், சிதறிக் கிடந்த நாட்டை ஒன்றாக்க முயன்ற பேரரசர். அவரை நல்லவர் என்று நாம் புனைந்துரைக்க மாட்டோம். முஸ்லிம்களிடம் அவர் கடுமையாக நடந்துகொண்டார். கோந்தர் நகரின் தேவாலயங்களைச் சூறையாடித்தான் தம் மக்தலா மலைக்கோட்டையில் சுவடிகளைக் குவித்தார். அவர் 1862ல் விக்டோரியா மகாராணிக்கு நட்புக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. சினமுற்று ஆங்கிலத் தூதரையும் வேறு சில ஐரோப்பியரையும் சிறையில் அடைத்தார். அவர்களை மீட்கப் படையெடுப்பு என்று லண்டனில் அறிவித்தார்கள்.

அப்படை எங்கிருந்து சென்றது தெரியுமா? நம் நாட்டிலிருந்து. பம்பாய்ப் படைத் தளபதி ராபர்ட் நேப்பியர் தலைமையில் ஏறத்தாழ 13,000 வீரர்கள் சென்றார்கள். அவர்களுள் பெரும்பான்மையினர் இந்தியர். பீரங்கி சுமக்க 44 யானைகளும் கப்பலேறின. தென்னாட்டவர் சேர்ந்திருந்த மதராஸ் சேப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையும் அதில் இருந்தது. மலையில் சாலை போடுவதும் பாலம் கட்டுவதும் அப்படையின் தொழில். ‘அபிசீனியா’ என்ற பெயர் அதன் போர்ச் சிறப்புப் பட்டியலில் இன்றும் உள்ளது. சஹாபாக்களுக்கு அடைக்கலம் தந்த மண்ணுக்குப் பீரங்கி செல்லப் பாதை போட்ட கைகளில் தமிழர் கைகளும் இருந்தன என்பதை அறிந்தபோது, சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம்.

1868 ஏப்ரல் 10ல் நடந்த போருக்குப் பின் சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட்டுவிட்டனர். வந்த வேலை அத்தோடு முடிந்தது. ஆயினும் ஏப்ரல் 13ல் கோட்டை தாக்கப்பட்டது. தெவோத்ரோஸ், முன்னர் மகாராணி அன்பளிப்பாக அனுப்பிய கைத்துப்பாக்கியால் தம்மையே சுட்டு மாய்ந்தார். பின்னர் கொள்ளை. அவற்றைச் சுமக்க 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. வழியில் ஏலம் விட்டு, கிடைத்த பணத்தைப் படையினருக்குப் பங்கிட்டார்கள். ஏலத்தில் எடுக்கப் பிரிட்டிஷ் அருங்காட்சியகமே தன் ஆளைப் படையோடு அனுப்பியிருந்தது! சுமார் 350 சுவடிகள் அவ்வாறு லண்டன் சேர்ந்தன. பொற்கிரீடமும் பொற்கிண்ணமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1871ல் பிரதமர் கிளாட்ஸ்டனே, இப்பொருள்களை எடுத்து வந்ததற்கு நாடாளுமன்றத்தில் வருந்தினார். வருத்தத்தோடு நின்றது.

ஏழு வயது இளவரசர் அலெமாயெகுவையும் கொண்டு சென்றார்கள். தாயார் வழியிலேயே இறந்தார். அப்பிள்ளை 1879ல், 18 வயதில் இங்கிலாந்தில் மறைந்து விண்ட்சரில் அடக்கப்பட்டது. எலும்புகளையேனும் தாருங்கள் என்ற வேண்டுகோளை 2023ல் அரண்மனை மறுத்துவிட்டது.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ணவேண்டாம். நம் பக்கத்து நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவரிடம் கப்பம் கேட்டு 1755ல் வந்த கர்னல் ஹெரானின் படை, அதே பயணத்தில் மதுரைக்குக் கிழக்கே கோயில்குடி கோவிலுக்குத் தீ வைத்து அங்கிருந்த உலோகச் சிலைகளை எடுத்துச் சென்றது. திருப்பித் தர 5,000 ரூபாய் கேட்டார்கள். பணம் கொடுக்கவில்லை. நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டு மக்கள் அப்படையை மடக்கிச் சிலைகளை மீட்டுச் சென்றனர். பின்னர் ஹெரான் இராணுவ விசாரணையில் பதவி இழந்தார். பூலித்தேவரின் கோட்டைகளை 1761ல் வீழ்த்தியவரோ, கம்பெனிப் படையில் பணியாற்றிய நம் மார்க்கத்தவர் கான் சாகிப் யூசுப் கான். மூன்றே ஆண்டில், 1764 அக்டோபர் 15 அன்று, அவரையும் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

கோயில்குடிச் சிலைகள் சில வாரங்களில் ஊர் திரும்பின. மக்தலா பொருள்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. 1937ல் இத்தாலியர் ரோமுக்குக் கொண்டுபோன மற்றொரு அக்சூம் தூணை எத்தியோப்பியா 2005ல் திரும்பப் பெற்றது. தெவோத்ரோஸின் தலையிலிருந்து வெட்டிய முடிக்கற்றை 2019ல் வந்தது. ஆனால் தாபோத் என்னும் புனிதப் பலகைகள் 11 இன்னும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பூட்டிக் கிடக்கின்றன. (நம் மறையில் வரும் ‘தாபூத்’ என்ற சொல்லுக்கு இது உறவு.) அவற்றை அந்நாட்டு மதகுருமார் தவிர எவரும் பார்க்கலாகாது என்பது அவர்கள் மரபு. அம்மரபை மதித்து அருங்காட்சியக ஊழியர்களும் பார்ப்பதில்லையாம். எவரும் பாராத பொருளை அருங்காட்சியகத்தில் வைத்திருப்பானேன்?

ஒன்று மட்டும் வேறு வழியில் திரும்பியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத் தேவாலயம் ஒன்றில், அலமாரிக்குள் கிடந்த தாபோத் ஒன்றை அங்கிருந்த பாதிரியார் 2001ல் கண்டார். எத்தியோப்பியா சென்று வந்தவராதலால் அது இன்னதென்று அறிந்துகொண்டார். எவரும் வழக்குத் தொடராமலே, 2002ல் அது திருப்பி அனுப்பப்பட்டது. அதை வரவேற்க அடிஸ் அபாபா வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றனர்.